விருந்தாளித் தட்டுகள்

மகள் வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து பம்பரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. சாதாரண நாளிலேயே அவள் நிற்கிற ஆள் கிடையாது. அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், டாக்டர் ஒரு நோயாளிக்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருக்கு வேண்டிய பஞ்சும் கண்ணாடியும் ஊசியும் தயாராக வந்து உட்கார்ந்துவிடும். அதற்கும் அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் “எந்தப் பக்கம் வலிக்குது?” என்று கேட்டு முடித்திருப்பாள். பம்பரம் என்ற பட்டப்பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் அது மாடிப்படி ஏறி அவளுடைய வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவர் மட்டும் அவளை அப்படிக் கூப்பிடமாட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே “என்னங்க?” என்று எதிரில் வந்து நிற்பவளை எந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவது?

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு சுற்றுவாளோ அவ்வளவுக்கு அவ்வளவு நிதானம். சேதி சொல்வதிலும் அதே நிதானம்தான். அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, பிறகுதான் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை பாப்பா வர்றாளாம்.”

கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள் பம்பரம். “யாரு, நம்ம பாப்பாவா?”

“வேற எந்தப் பாப்பா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலையாம். தனியாத்தான் வர்றா. நாலு நாள் இருப்பாளாம்.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“உன்கிட்ட சொல்லச் சொல்லித்தானே என்கிட்ட சொன்னா.”

அவள் அடுப்பைக் குறைத்தாள், கூட்டினாள், மறுபடி குறைத்தாள். “சாப்பிடுவாளா?” என்றாள்.

“நாலு நாள் சாப்பிடாம எப்படிம்மா இருப்பா?” என்று கேட்டுவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவள் என்ன கேட்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். 

விஷயம் இதுதான். அவர்களுடைய கல்யாணத்துக்கு லிஃப்ட் கம்பெனி ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பீங்கான் செட் வாங்கிக் கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும். ஓரத்தில் ஒரு நீலக் கோடு, கோட்டை ஒட்டிக் கடுகு கடுகாய் நீலப் பூ. பெரிய தட்டுகள், சின்னத் தட்டுகள், குழிக் கிண்ணங்கள், கோப்பைகள், சாஸர்கள், மூடி போட்ட பெரிய பாத்திரம், ஒரு பக்கம் மூக்கு நீண்ட குழம்புக் கிண்ணம் என்று ஒரு பெரிய குடும்பமே அதில் இருந்தது. கூடத்தில் கண்ணாடி அலமாரி வாங்கிப் போட்டதே அந்தக் குடும்பம் குடியிருக்கத்தான். விருந்தாளி வந்தால் செட் கீழே இறங்கும். அவர்கள் போனதும் கழுவித் துடைத்து மேலே ஏறிவிடும். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்ட் பாதி நாள் படுத்துக் கிடக்கும். ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான் என்று எதிர்வீட்டம்மா கேலி செய்வாள்.

வீட்டு மனுஷர்களுக்கு எவர்சில்வர் தட்டு. மகளுடைய தட்டில் ஓரத்தில் ஒரு நசுங்கல் உண்டு. சின்னப் பிள்ளையில் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து அவள் பால்கனியிலிருந்து விட்டெறிந்த தட்டு அது. கீழே தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ணங்கென்று விழுந்து, அன்றைக்குக் கட்டடமே வெளியே வந்து எட்டிப் பார்த்தது. பிள்ளை கேட்டதெல்லாம் அலமாரியில் இருக்கும் பூப்போட்ட தட்டைத்தான்.

“அது விருந்தாளிக்குடி. நீ என்ன விருந்தாளியா?” என்பாள் பம்பரம்.

“நான் எப்பம்மா விருந்தாளி ஆவேன்?”

“நீயா? நீ எந்தக் காலத்துலயும் ஆக முடியாது. தலைகீழா நின்னாலும் முடியாது!”

பிள்ளை தலைகீழாக நின்று காட்டும். மூவரும் சிரிப்பார்கள். மகள் வளர்ந்து, வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும்வரை அந்த வீட்டில் இந்தச் சிரிப்பு தேயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மகளுக்குக் கல்யாணமானது. முதல் தடவையாக மாப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். பம்பரம் விடியற்காலையிலேயே செட் முழுவதையும் இறக்கி, துணியால் துடைத்து, மேசையில் பரப்பியிருந்தாள். மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய தட்டு, பக்கத்தில் மகளுக்கும் அதேபோல ஒரு பெரிய தட்டு. அவளைக் குறை சொல்ல முடியாது. தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்து மகளுக்கு வைத்தாள். அதில் தப்பு இருக்கும் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

மகள் உட்கார்ந்து தட்டைப் பார்த்தாள். “என் தட்டு எங்கம்மா?”

“அது எதுக்கு இப்ப? அந்த நசுங்கின தட்டையா மாப்பிள்ளை முன்னாடி வைக்கிறது? இதுலயே சாப்பிடு.”

“எனக்கு என் தட்டுதான் வேணும்.”

“சும்மா இருடி. கல்யாணமாகிப் போயிட்டா நீயும் விருந்தாளிதானே!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பழைய விளையாட்டின் மிச்சம் என்று நினைத்துச் சொன்னாள். ஆனால் மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு முன்கதை தெரியாது. மகள் விருட்டென்று எழுந்தாள். கை பட்டதோ, தள்ளிவிட்டாளோ, தட்டு கீழே விழுந்து சுக்குநூறானது. அப்போதாவது பம்பரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ஐயோ, செட்டு போச்சே!” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமானால் அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். மகள் அன்றைக்குச் சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். அதன் பிறகு அப்பாவோடுதான் பேச்சு. ஃபோன் அம்மாவின் கைக்கு வந்தால் “நல்லா இருக்கியாம்மா?” என்று கேள்வி வரும். “நல்லா இருக்கேன்” என்று பதில் போகும். “சரி” என்றதும் முடிந்துவிடும். விருந்தாளிகள்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசிக்கொள்வார்கள்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல பம்பரத்துக்கு வாய் வராது. கைதான் வரும். மகள் போன அன்று தரையில் குனிந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. டப்பாவை மேசையிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து கட்டிலுக்கு அடியில் என்று மாற்றி மாற்றி வைத்தும் பார்த்தாள். எங்கே வைத்தாலும் நடக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பதுபோலவே இருந்தது. கடைசியில் ஒருநாள் பால்கனியில் இருந்த பழைய மண்தொட்டியை எடுத்து, தரை ஓடு ஒட்டுகிற பசையை வெளிப்புறம் முழுக்கத் தடவி, சில்லுகளை அதில் பதித்தாள். கூர் முனைகளை உப்புக் காகிதத்தால் தேய்த்து மழுக்கினாள். இடுக்கு இடுக்காக வெள்ளைச் சிமெண்டை அப்பி ஈரத்துணியால் துடைத்ததும் தொட்டியைச் சுற்றி நீலக் கோடு துண்டு துண்டாக ஓடியது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

உடைந்ததோடு நின்றிருந்தால் அது பொழுதுபோக்கு. பம்பரம் எங்கே நின்றாள்? உடையாத தட்டுகள் அலமாரியில் வரிசையாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவை அங்கே நிற்கும்வரை இந்த வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது விருந்தாளியாக இருந்துதான் தீரவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள்.

பீங்கானில் ஓட்டை போடுவதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பல்லில் போடுவதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறவள். தேய்ந்துபோய்ப் பல்லுக்கு உதவாத வைர முனைகளை ஆஸ்பத்திரியில் தூக்கிப் போடுவார்கள். கேட்டு வாங்கி வந்தாள். கணவரிடம் பேட்டரியில் ஓடும் குட்டி டிரில் ஒன்று இருந்தது. அதன் வாய்க்கு முனை பொருந்தியது. தட்டின் நடுவில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் முனை வழுக்காது. அப்புறம் தண்ணீர்: சூடு ஏறினால் பல்லும் சரி, பீங்கானும் சரி, விரிசல் விட்டுவிடும். ஒரு தட்டையான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதற்குள் பீங்கானை அமிழ்த்தி, அழுத்தாமல் கையைப் பதமாக வைத்துக்கொண்டு துளைக்க வேண்டும். அவசரக்காரிக்கு இந்த ஒரு வேலையில் மட்டும் அப்படி ஒரு பொறுமை. வாயும் சும்மா இருக்காது. “அவ்வளவுதான், அவ்வளவுதான், வலிக்காது, முடிஞ்சிருச்சு” என்று நோயாளிக்குச் சொல்வதையெல்லாம் தட்டுக்கும் சொல்வாள்.

வீடு மாறத் தொடங்கியது. கோப்பைகள் அடியில் ஓட்டையோடு ஜன்னல் கம்பியில் தொங்கி, புதினாவும் மணிப்ளாண்டும் வளர்த்தன. பெரிய தட்டு ஒன்றின் நடுவில் கடிகார மெஷினைச் சொருகி முள்ளை மாட்டினாள். நீலப் பூக்களே எண்களாயின. மூன்று அளவுத் தட்டுகளை நடுவில் ஒரு கம்பியால் கோத்து அடுக்கி மேசைமேல் வைத்தாள். மேல்தட்டில் கணவருடைய மாத்திரை, நடுத்தட்டில் கண்ணாடி, கீழ்த்தட்டில் சாவிக்கொத்து. சாஸர் சோப்பு ஏந்தியது. குழிக் கிண்ணம் பால்கனிச் சுவரில் குருவிக்குத் தண்ணீர் வைத்தது. மூக்கு நீண்ட குழம்புக் கிண்ணத்தில் பல்துலக்கும் பிரஷ்கள் நின்றன. பல் ஆஸ்பத்திரிக்காரி வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை.

கணவர் ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, தன் கையிலிருந்த கோப்பையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“என்ன பார்க்கறீங்க?” என்றாள்.

“ஓட்டை இருக்கான்னு பார்த்தேன். இந்த வீட்ல இனிமே பார்த்துட்டுத்தான் குடிக்கணும்.”

அலமாரி காலியானது. கடைசியாக மிஞ்சியிருந்த பெரிய பாத்திரத்துக்கும் போன மாதம் ஓட்டை விழுந்தது. இப்போது அதில் ஒரு எலுமிச்சைக் கன்று நிற்கிறது. யாருக்காக இத்தனையும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகளுக்கும் யாரும் சொல்லவில்லை.

ஆக, வியாழக்கிழமை முழுவதும் பம்பரம் வீட்டைப் புரட்டிப் போட்டாள். மெத்தையைத் திருப்பிப் போட்டாள், திரையை மாற்றினாள், மாற்றியது பிடிக்காமல் பழையதையே மறுபடி மாட்டினாள். அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகளை உட்கார வைத்து அவளுடைய நசுங்கின தட்டிலேயே சோறு போட்டுவிட வேண்டும். வாயால் சொல்ல முடியாததைத் தட்டு சொல்லிவிடும். இந்தத் தடவை பிசகினால் மகள் இனிமேல் வரமாட்டாள். வந்தாலும் மேலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவாள். கணவரும் அன்று சும்மா இருக்கவில்லை. யாரும் கேட்காமலே கட்டடத்து லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையெல்லாம் கிரீஸாக நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சோறு வடித்து, உருளைக்கிழங்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தட்டை எடுக்கப் போனாள். அதைத் தேடவேண்டிய அவசியம் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்றைய சண்டைக்குப் பிறகு அந்தத் தட்டை மற்ற தட்டுகளோடு அடுக்கவும் கை வரவில்லை, உள்ளே ஒளித்து வைக்கவும் முடியவில்லை. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று பால்கனியிலேயே வைத்துக்கொண்டாள். ஓட்டை போடும்போது தண்ணீர் ஊற்ற ஒரு தட்டையான பாத்திரம் வேண்டுமல்லவா? அதுதான் இது. செட்டில் உள்ள அத்தனை பீங்கானும் இந்தத் தட்டில் படுத்துத்தான் எழுந்து போயிருந்தது.

பீங்கான் தூள் படிந்திருந்த தட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே கீறல் கீறலாக இருந்தது; இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீர் வடியட்டும் என்று ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தட்டின் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது.

மிளகு அளவு ஓட்டை. போன மாதம் அந்தப் பெரிய பாத்திரத்தைத் துளைத்தபோது கை ஒரு நொடி அதிகமாக அழுந்தியிருக்கிறது. அடியில் விரித்திருந்த துணி நனைந்ததை அப்போது பார்த்தாள்தான். தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்துப் பிழிந்து காயப்போட்டுவிட்டாள்.

பம்பரத்துக்குத் தலை சுற்றியது. விருந்தாளித் தட்டுகளையெல்லாம் ஒழித்துக்கட்டுகிறேன் என்று கிளம்பியவள், மகளுடைய தட்டையும் சேர்த்து ஒழித்துவிட்டாள். இனி அவளுக்கு எதில் போடுவது? வேறு எவர்சில்வர் தட்டு இல்லாமல் இல்லை. ஆனால் “என் தட்டு எங்கம்மா?” என்று அவள் கேட்டால், “ஓட்டை போட்டுட்டேன்டி” என்றா சொல்வது? தனக்குத்தானே கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். லிஃப்டுக்குள் பாதி உடம்பும் வெளியே பாதியுமாக இருந்த கணவர், “எங்கம்மா போற? அவ வர்ற நேரம்!” என்று குரல் கொடுப்பதற்குள் இரண்டு மாடி இறங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பி ஒரு நோயாளியை வாயைத் திறக்க வைத்துவிட்டு வெளியே வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், பெரிய டாக்டரின் இடத்தில் புதிதாக வந்தவர். “என்னக்கா, லீவு போட்டுட்டு இங்க நிக்கறீங்க? பல் வலியா?”

அவள் பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினாள். “தம்பி, இதை அடைக்கணும்.”

டாக்டர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பட்டறைக்குக் கொண்டுபோனா பத்த வச்சுத் தருவாங்களே?”

“பட்டறை வெள்ளிக்கிழமை லீவு. பல்லுக்கு உலோகத் தொப்பி மாட்டறோமே, அந்த சிமெண்ட் பிடிக்கும்ல? வாய்க்குள்ளயே வைக்கிறதுதானே, சோத்துல பட்டாலும் பரவாயில்லை. எம்பொண்ணு வர்றா தம்பி. இது அவளோட தட்டு.”

மேற்கொண்டு எதையும் அவர் கேட்கவில்லை. அவள் வழக்கம்போலப் பொடியையும் திரவத்தையும் குழைத்துக் கொடுத்தாள். அவர் ஓட்டையின் ஓரத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சிமெண்டை வைத்து, இரண்டு பக்கமும் வழித்து மட்டமாக்கினார். உள்ளேயிருந்த நோயாளி வாயைத் திறந்தபடியே கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

“ஒரு மணி நேரத்துக்கு இவர் எதுவும் சாப்பிடக் கூடாது. சூடா அறவே கூடாது,” என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார் டாக்டர் தம்பி.

அவள் வந்து சேர்ந்தபோது லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. ஓடுகிறது என்றால் யாரையோ மேலே கொண்டுபோய் விட்டிருக்கிறது. அது திரும்ப வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் படியிலேயே ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் ஒரு பெட்டி. மகள் காலி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள். கையில் அட்டைப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கணவர் மூலையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஒரு விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“வாம்மா,” என்றாள் பம்பரம். வாசலில் நின்றபடியே தான் மகளை வா என்று கூப்பிடுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

மகள் திரும்பவில்லை. “செட்டு எங்கம்மா?”

பம்பரம் வாயைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் ஊர் வாயைத் திறக்க வைத்தவளுக்குத் தன் வாயில் வார்த்தை வரவில்லை.

“நான் ஒண்ணை உடைச்சேன்னு மத்ததையெல்லாம் நீ உடைச்சிட்டியா? அவ்வளவு கோபமா என் மேல?” மகளுடைய குரல் உடைந்தது. “எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? அதே பூ, அதே நீலக் கோடு. ஒரே ஒரு தட்டு கிடைச்சுது. அதைக் கொண்டுவந்து வச்சா செட்டு முழுசாயிடும்னு நினைச்சு வந்தேன்.”

அட்டைப்பெட்டிக்குள் இருந்தது அதுதான். பம்பரம் செருப்பை உதறினாள். மகளின் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இழுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மெதுவாக அழைத்துப் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. போகிற வழியில் கடிகாரத்தைக் காட்டினாள், தொங்கும் கோப்பைகளைக் காட்டினாள், குருவிக் கிண்ணத்தையும் எலுமிச்சைக் கன்றையும் காட்டினாள். கடைசியாகச் சில்லு பதித்த தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதைத் தடவினாள்.

“இது நீ உடைச்சது. ஒரு சில்லுகூட விடலை. முதல்ல பண்ணினது இதுதான்.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் இருந்தா மறுபடி யாரையாவது விருந்தாளியாக்கிடுவேன்டி. என் வாய் அப்படி. அதான் ஒண்ணுகூட மிச்சம் வைக்கலை. இப்ப நீயே ஆசைப்பட்டாலும் இந்த வீட்ல விருந்தாளியாக முடியாது. தட்டு இல்லை.”

மகளும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். தொட்டியில் ஓடிய நீலக் கோட்டை விரலால் தொட்டு, எங்கே அறுந்து எங்கே சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள். “பசிக்குதும்மா. என் தட்டை எடு.”

பம்பரம் பையைத் திறந்து தட்டை நீட்டினாள். உடனே திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். “ஒரு மணி நேரம் ஆகணும். சூடா எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“யாருக்கு?”

“தட்டுக்கு.”

மகள் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நசுங்கல் இருந்தது. கீறல்கள் இருந்தன. நடுவில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. “அம்மா, தட்டுக்குப் பல் அடைச்சிட்டு வந்திருக்கியா?” என்று கேட்டவள், அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கணவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குருவிக் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

சிமெண்ட் இறுகும்வரை வேறு வழியில்லாமல் உட்கார வேண்டியதாயிற்று. பம்பரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை எதிர்வீட்டம்மா பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். முதலில் காலை ஆட்டினாள், விரலைச் சொடக்கினாள், மூன்று தடவை எழுந்து குழம்பைக் கிளறிவிட்டு வந்தாள். நாலாவது தடவை எழப்போனபோது மகள் அவளுடைய மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். அதன் பிறகு அவளால் எழ முடியவில்லை. மகள் புது வேலையைப் பற்றி, மாப்பிள்ளை சோறு வடிக்கத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டதைப் பற்றி, ஃபோனை அப்பாவிடமிருந்து அம்மாவுக்கு மாற்றும்போதெல்லாம் என்ன பேசுவது என்று தவித்ததைப் பற்றிச் சொன்னாள்.

“‘செட்டு போச்சே’ன்னு சொன்னியே, அதுதாம்மா தாங்கலை.”

“தெரியும்.” மகளின் தலையைக் கோதியபடி இருந்த கை நின்றது. “அதைச் சொன்ன வாயை அடைக்க எந்த டாக்டர்கிட்ட போறதுன்னுதான் எனக்குத் தெரியலை. தப்புடி. பெரிய தப்பு.”

சொல்லிவிட்டாள். அவளே எதிர்பார்க்கவில்லை. கை மறுபடி முடியைக் கோத ஆரம்பித்தது.

ஒரு மணி நேரம் ஆனதோ இல்லையோ, பம்பரம் எழுந்து சோற்றை ஆற்றி மகளின் தட்டில் போட்டாள். கணவருக்கும் அவருடைய தட்டில் போட்டாள். வழக்கம்போலக் கரண்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டாள். மகள் சோற்றைக் கிளறி, விரலால் அந்தப் புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“நீ எப்ப சாப்பிடுவே?”

“நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம்.”

“எப்பவும் இதே அப்புறம்தான். இந்த வீட்ல நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.” மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்தப் புதுத் தட்டை எடுத்துத் துடைத்து, மேசையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் தோளை அழுத்தினாள். “இன்னிக்கு நீதான் விருந்தாளி. உட்காரு.”

“எனக்கெதுக்குடி அது?”

“அத்தனை வருஷம் துடைச்சியே, ஒருநாளாவது அதுல சாப்பிட்டிருக்கியா?”

இல்லை. ஒருநாள்கூட இல்லை. அது அவளுக்குத் தோன்றியதே இல்லை. மகள் பரிமாறினாள். நீலக் கோட்டுக்குள் வெள்ளைச் சோறு, அதன்மேல் குழம்பு. பம்பரம் முதல் கவளத்தை எடுத்தாள். தொண்டையில் இறங்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது. உப்பு கொஞ்சம் தூக்கல் என்று எழப்போனாள். மகள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு மும்முரமாகச் சாப்பிட்டார்.

பாதித் தட்டு காலியானதும் பம்பரத்தின் கை நின்றது. தட்டின் நடுவில் தெரிந்த வெள்ளையை உற்றுப் பார்த்தாள். பெருவிரலால் ஒரு இடத்தைத் தொட்டாள்.

“அம்மா!” என்றாள் மகள். “ஓட்டை போட இடம் பார்க்காதே!”

“பார்க்கலையே,” என்றாள் பம்பரம், பார்த்துக்கொண்டே.